மாத்திரை லிஸ்ட்டில் அதிமதுரத்தையும் எழுதுங்கள்

"மூலிகைதானே, என்ன செய்துவிடப் போகிறது" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அம்மாவிடம் இதையே சொன்னவள்தான் நானும்.

தொண்டைக் கரகரப்புக்காக அதிமதுரப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட ஆரம்பித்தார் அம்மா, தொண்டை சரியான பிறகும் விடவில்லை, நெஞ்செரிச்சலுக்கும் நல்லதாமே என்று தினம் இரண்டு வேளை, ஒரு மாதத்துக்கு மேல். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். கால் வீங்கியது. படி ஏற முடியவில்லை. மாத்திரையைக் கூட்டியும் பிரஷர் இறங்கவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர், "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். நாங்கள் அதை மருந்தாகவே நினைக்கவில்லை, அப்புறம் எப்படிச் சொல்லியிருப்போம்?

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின். கார்டிசால் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்காதபடி ஒரு நொதி அதை அங்கேயே அடக்கி வைத்திருக்கும். கிளைசிரைசின் அந்த நொதியையே முடக்கிவிடுகிறது. உப்பும் நீரும் உடம்பில் தங்கிவிடும், பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும், பிரஷர் ஏறும், தசை தளரும், பொட்டாசியம் ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள் பலவும் பொட்டாசியத்தை வெளியேற்றுபவைதான், அதோடு இதுவும் சேர்ந்தால்? இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

40 வயதைத் தாண்டியவர்கள் கறுப்பு அதிமதுர மிட்டாயை தினம் 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம், இரண்டு வாரம் தொடர்ந்து சாப்பிட்டாலே இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம் என்று 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மிட்டாய்க்கே இந்த எச்சரிக்கை!

அதிமதுரம் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. உடம்பில் வேலை செய்கிற பொருள் அது, அதனால்தான் அளவு கேட்கிறேன், எத்தனை நாள் என்று கேட்கிறேன், யார் சாப்பிடக் கூடாது என்று கேட்கிறேன். "பக்கவிளைவே இல்லாதது" என்று வருகிற ஃபார்வர்டுகள் எதிலும் இந்த மூன்றும் இருப்பதில்லை.

சரி, இதே மாதிரி யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லி பிரஷரும் பொட்டாசியமும் பார்த்துவிடுங்கள். பொடியை நிறுத்தினாலும் அதன் வேகம் அடங்க ஓரிரு வாரம் ஆகலாம், அதற்குள் பயந்துபோய் பிரஷர் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.