27 சதவீதம் பேர் யூதத்தை விட்டுப் போய்விட்டார்களா?

ஒருவர், "அமெரிக்க யூதர்களில் 27 சதவீதம் பேர் யூத அடையாளத்தையே விட்டுவிட்டார்கள், பியூ ஆய்வே சொல்கிறது" என்று எழுதியிருக்கிறார். எண் சரி, அர்த்தம் தலைகீழ்.

அமெரிக்காவின் கருத்துக்கணிப்பு நிறுவனமான பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்பில் அந்த 27 சதவீதம் 'மதம் சாராத யூதர்கள்'. உங்கள் மதம் என்ன என்று கேட்டால் நாத்திகன், தெரியாது, எதுவும் இல்லை என்பார்கள். ஆனால் குடும்பத்தாலோ இனத்தாலோ பண்பாட்டாலோ தங்களை யூதர் என்றே சொல்கிறவர்கள். அப்படிச் சொல்லாதவர்களை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை; வேறு மதத்துக்குப் போனவர்களும் இதில் இல்லை. அப்புறம் எப்படி 'விட்டுவிட்டார்கள்' ஆகும்?

அமெரிக்க யூதர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால், வாரம் ஒருமுறையாவது ஜெப ஆலயம் போகிறவர்கள் 12 சதவீதம்தான். ஆனால் முந்தைய ஆண்டு பஸ்கா பண்டிகையின் செடர் விருந்தில் உட்கார்ந்தவர்கள் 62 சதவீதம். ஞாயிறு ஆராதனைக்குப் போவதை வைத்துக் கிறிஸ்தவரை அளப்பதுபோல் இவர்களை அளந்தால் இப்படித்தான் குழம்பும். யூத மரபுச் சட்டப்படி யூதத் தாய்க்குப் பிறந்தவர், நம்பிக்கை போனாலும் யூதரே.

மாற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2010க்குப் பிறகு மணம் செய்தவர்களில் 61 சதவீதம் பேரின் துணைவர் யூதரல்லாதவர். 30 வயதுக்குக் கீழே 40 சதவீதம் பேர் மதம் சாராதவர்கள். அதே வயதில் 17 சதவீதம் பேர் ஆர்த்தடாக்ஸ், அதாவது மரபுச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் பிரிவினர்; 65 தாண்டியவர்களிடம் அது வெறும் 3. 'எல்லாரும் வெளியேறுகிறார்கள்' என்ற கதைக்குள் இந்த 17ஐ எங்கே வைப்பீர்கள்?