இடது இறக்கை இத்தாலி, வலது இறக்கை ஸ்பெயின்

யூரோஃபைட்டர் போர் விமானத்தின் இடது இறக்கை இத்தாலியில் தயாராகிறது, வலது இறக்கை ஸ்பெயினில். நடு உடல் ஜெர்மனி, முன்பகுதி பிரிட்டன். சரி, பூட்டுவதாவது ஓரிடத்தில் நடக்குமா என்றால், அதற்கும் நாலு நாட்டில் நாலு ஆலை. எத்தனை விமானம் வாங்குகிறாயோ அந்த அளவுக்கு உனக்கு வேலை என்பது கணக்கு. 250 வாங்குவதாகச் சொன்ன ஜெர்மனி, பிறகு 180 போதும் என்றது. பங்கை மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. பங்காளிகள் சேர்ந்து கிணறு வெட்டினால் ஆளுக்கொரு படிக்கட்டு கேட்பார்களே, அதே கதைதான்.

ஐரோப்பியக் கூட்டு ஆயுதக் கொள்முதல் என்றாலே எல்லோரும் பணத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ முடிச்சு சட்டத்தில் இருப்பதாகவே படுகிறது. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தங்களில் 346-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தன் பாதுகாப்புக்கு அவசியம் என்று ஒரு நாடு கருதினால், ஆயுதம் வாங்கும்போது பொதுச் சந்தை விதிகளை ஒதுக்கி வைக்கலாம். 1957-இன் ரோம் ஒப்பந்தத்திலேயே வந்துவிட்ட சலுகை இது. ஐரோப்பிய நீதிமன்றம் சும்மா இருக்கவில்லை. வாயால் சொன்னால் போதாது, அவசியத்தை நிரூபி என்றது. 2009-இல் பாதுகாப்புக் கொள்முதலுக்கென்றே தனிச் சட்டமும் வந்தது. கதவு கொஞ்சம் ஒடுங்கியது, அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொரு கட்டு. ராணுவ நடவடிக்கைச் செலவை ஒன்றியத்தின் பட்ஜெட்டில் எழுதக் கூடாது. அதனால் கூட்டுக் கொள்முதல் சட்டங்களெல்லாம் 'தொழில் வளர்ச்சி' என்ற வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் வெளியே வருகின்றன. 2023-இல் வந்த எடிர்பா சட்டம் அப்படித்தான்: குறைந்தது மூன்று நாடுகள் சேர்ந்து வாங்கினால் ஊக்கத்தொகை. மொத்தம் 30 கோடி யூரோ. ஒரு நல்ல நீர்மூழ்கிக்கே காணாது!

2025 மே மாதம் வந்த 'சேஃப்' நிஜமாகவே பெரிது. நாடுகள் ஆயுதம் வாங்க ஒன்றியம் கொடுக்கும் 15,000 கோடி யூரோ கடன். வாங்கும் பொருளில் வெளிநாட்டு உதிரிபாகங்களின் மதிப்பு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த வரம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காதது அது வந்த வழி. அவசர நிலைக்கான 122-வது பிரிவைப் பிடித்து, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலே நிறைவேற்றிவிட்டார்கள். திட்டத்தின் மேல் குறையில்லை, வழிதான் தவறு என்று நாடாளுமன்றம் ஆகஸ்டில் வழக்குப் போட்டது. நியாயமான கோபம். இதில் வேடிக்கை என்னவென்றால், கூட்டாக வாங்கத்தான் கடன் என்று சொல்லிவிட்டு, 2026 மே முடியும் வரை ஒரே நாடு தனியாக வாங்கினாலும் சரி என்று விட்டிருக்கிறார்கள்.

பான் நகரத்தில் ஒக்கார் என்றொரு கூட்டு ஆயுதக் கொள்முதல் நிறுவனம் இருக்கிறது. போட்ட பணத்துக்கு ஈடான வேலையை ஒவ்வொரு திட்டத்திலும் கேட்க மாட்டோம், பல திட்டங்களைச் சேர்த்துக் கணக்குப் பார்ப்போம் என்று அதன் உறுப்பு நாடுகள் 1998-லேயே எழுதிக் கையெழுத்துப் போட்டன. அவர்கள் நடத்திய ஏ400எம் ராணுவச் சரக்கு விமானமும் தாமதமாகி, விலை ஏறித்தான் வந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் பங்குச் சண்டைக்கு நான் பார்த்த உருப்படியான மருந்து அந்த ஒரு வாசகம்தான்.

அதை ஒன்றியச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, 346 எந்தெந்த ஆயுதங்களுக்குச் செல்லும் என்ற பட்டியலையும் சுருக்க வேண்டும் என்பது என் கட்சி. 1958-இல் போட்ட பட்டியல் அது, இன்றுவரை கை வைக்கவில்லை. கை வைக்க 27 நாடுகளும் ஒருமனதாகத் தலையாட்ட வேண்டும்.