பல்லி முட்டையும் வெப்பமும்: ஒரு திருத்தம்

வெயில் கூடினால் பல்லிக் குஞ்சுகள் எல்லாமே பெண்ணாகும் என்று ஒரு நண்பர் எழுதியதைப் பலர் பகிர்கிறார்கள். இது இனத்துக்கு இனம் மாறும். ஆஸ்திரேலியாவின் தாடி ஓணான் (bearded dragon) என்ற பல்லி வகையில் முட்டை இருக்கும் இடம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், ஆண் குரோமோசோம் கொண்ட கருவும் பெண்ணாக வளரலாம், அது உண்மை. அப்படி மாறியவை முட்டையிட்டுக் குஞ்சும் பொரிக்கின்றன, எனக்கு இன்றும் வியப்புத்தான். ஆனால் சிறுத்தைப் பல்லியில் (leopard gecko) 32–33 டிகிரியில் பெரும்பாலும் ஆண்களே பிறக்கின்றன. 26-இலும் 34-இலும் பெண்களே மிகுதி. சரிபார்க்க, பல்லியின் அறிவியல் பெயரோடு முட்டையின் அடைகாப்பு வெப்பநிலை என்பதைச் சேர்த்து ஆங்கிலத்தில் தேடுங்கள். தாடி ஓணான் பற்றிய கட்டுரை 2015 ஜூலையில் நேச்சர் (Nature) என்ற அறிவியல் இதழில் வந்தது. அதன் சுருக்கத்தைப் படித்தாலே போதும், ஆய்வு செய்தது அந்த ஓர் இனத்தை மட்டும்தான் என்பது தெரியும்.