ஏரி தெரியும் வீடு

(சேலம் கன்னங்குறிச்சியில், மூக்கனேரிக் கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. வாசலில், ‘ஏரி தெரியும் வீடு. குடும்பத்தினருக்கு மட்டும்’ என்று ஒரு பலகை. வீட்டுக்காரர் பத்திர எழுத்தராக இருந்து ஓய்ந்தவர். ஓய்ந்தது கை மட்டும்தான். வந்தவர் நகருக்குள் நான்கு ரோடு என்னும் இடத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுபவர்.)

வந்தவர்: ஐயா, ஏரி தெரியும் என்று போட்டிருக்கிறீர்கள். கூடத்து ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கழிவறைக் குழாய் அல்லவா தெரிகிறது?

வீட்டுக்காரர்: தெரியும் என்றுதான் எழுதினேனே தவிர, எங்கிருந்து தெரியும் என்று எழுதவில்லை, தம்பி. மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, இரண்டு தென்னைகளுக்கு நடுவே சற்றுக் குனிந்து பார்த்தீர்களானால், 58 ஏக்கர் ஏரியில் ஏறத்தாழ ஐந்து சென்ட் உங்கள் கண்ணில் படும்.

வந்தவர்: அந்த ஐந்து சென்டுக்குத்தான் வாடகையில் 500 ரூபாய் கூடுதலா?

வீட்டுக்காரர்: ஏரி என்ன சும்மாவா வந்தது? சேர்வராயன் மலையில் பெய்கிற மழை ஓடை வழியாக இறங்கி நிரப்புகிற ஏரி அது. பாழ்பட்டுக் கிடந்ததை 2010ஆம் ஆண்டு சேலம் மக்கள் குழுவினர் கையில் எடுத்துத் தூர்வாரி, அந்த மண்ணையே நடுவில் திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் கொக்கும் நீர்க்காகமும் குடியிருக்கின்றன.

வந்தவர்: ஆக, மழை மலையுடையது, உழைப்பு ஊராருடையது, குடியிருப்பு கொக்குடையது, 500 ரூபாய் மட்டும் உங்களுடையது.

வீட்டுக்காரர்: கொக்கு முன்பணம் தருமானால் அதற்கே விட்டிருப்பேன். சுவரில் ஆணி அடிக்காத குடித்தனம்.

(வந்தவர் சுவரைப் பார்க்கிறார். ஒவ்வோர் ஆணி ஓட்டையையும் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் ‘காலண்டர், தை 2019’, ‘கல்யாணப் படம், அனுமதியின்றி’ என்று குறித்து வைத்திருக்கிறது.)

வந்தவர்: எனக்கு இரண்டு பிள்ளைகள், ஐயா.

வீட்டுக்காரர்: ஓடுவார்களா?

வந்தவர்: பெரியவன் ஓடுவான், சின்னவள் துரத்துவாள். குடும்பத்தினருக்கு மட்டும் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?

வீட்டுக்காரர்: உட்கார்ந்திருக்கிற குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதினேன். கீழே நான் மதியம் தூங்குகிறவன். ஓடுவதற்கு ஏரிக்கரை இருக்கிறது. அதற்குக் காசு கேட்க மாட்டேன்.

வந்தவர்: கொசு இருக்குமா?

வீட்டுக்காரர்: இருக்கும். அதற்கும் தனியாக வாங்குவதில்லை.

வந்தவர்: இங்கிருந்து அஸ்தம்பட்டி வழியாக நான்கு ரோட்டுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

வீட்டுக்காரர்: கால் மணி நேரம் போதும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்து, அது முகூர்த்த நாளாக இல்லாமலும், முன்னால் டவுன் பஸ் போகாமலும் இருந்தால்.

வந்தவர்: ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை.

வீட்டுக்காரர்: அப்படியானால் உங்களுக்குப் போக்குவரத்துத் தொல்லையே இல்லை. பத்து மாத முன்பணத்தைப் பேசி முடிப்போம்.

வந்தவர்: பத்து மாதமா? 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று எங்கள் முதலாளி சொல்கிறாரே?

வீட்டுக்காரர்: உங்கள் முதலாளி பாதி வாக்கியத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார். மாறான உடன்பாடு இருந்தாலொழிய என்றும் அதே பிரிவில் இருக்கிறது. அந்த மாறான உடன்பாட்டை நேற்று இரவே எழுதி வைத்துவிட்டேன். கையொப்பமிட வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

(வந்தவர் பதில் சொல்லாமல் மாடிக்குப் போய், தொட்டியின் மேல் ஏறிக் குனிந்து பார்த்துவிட்டு இறங்கி வருகிறார். சட்டையெல்லாம் பாசி.)

வந்தவர்: ஐயா, ஏரி தெரிவது உண்மைதான். ஆனால் தென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டாம் மாடிக்குக் கம்பி கட்டி நிற்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் தளம் போட்டுவிட்டால் ஐந்து சென்டும் மறைந்துவிடும். அதன் பிறகு 500 ரூபாயைக் குறைத்துக்கொள்வதாக ஒரு வரி எழுதித் தருவீர்களா?

வீட்டுக்காரர்: எதற்குக் குறைக்க வேண்டும்? உங்களுக்கு ஏரிதான் முக்கியம் என்றால் அந்த மாடிக்கே குடி மாறிக்கொள்ளுங்கள். அங்கே சமையலறையில் நின்றாலே முழு ஏரியும் தெரியும்.

வந்தவர்: அது யாருடைய வீடு?

வீட்டுக்காரர்: என்னுடையதுதான், தம்பி. அங்கே ஏரிக்கு 1,000 ரூபாய்.