ஓ... கிராப்பா?

அந்த 'ஓ'வை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. மாப்பிள்ளைக்கு கான்ட்ராக்ட் வேலைதான் என்று தெரிந்ததும் பெண் வீட்டார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு 'ஓ' போடுவார்களே, அந்த 'ஓ'.

நேற்று சாயங்காலம், ஒரு கேமரா கடை. பெயர் எதற்கு, எல்லாக் கடையிலும் இதே கதைதான். அக்கா பேரனுக்கு அடுத்த வாரம் காதுகுத்து. 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று கொடுங்கள் என்றேன். கேட்டது லென்ஸ். கடைத் தம்பி திருப்பிக் கேட்டது, "என்ன பாடி சார்?" லென்ஸை மாட்டப்போகிற கேமராவைக் கேட்கிறார். சொன்னேன்.

"ஓ... கிராப்பா?"

படம் பதிகிற சில்லுக்கு சென்சார் என்று பெயர். அது பெரிதாக இருந்தால் ஃபுல் ஃப்ரேம், ஓரம் வெட்டினாற்போல் சின்னதாக இருந்தால் கிராப். சின்ன வயதில் சலூன் நாற்காலியின் குறுக்கே பலகை போட்டு உட்கார வைத்து வெட்டிவிட்ட கிராப்புக்குக்கூட நான் இவ்வளவு அவமானப்பட்டதில்லை.

"கிராப்ல 50 போட்டா 50 வராது சார், 80 ஆயிடும்."

ஆகாது தம்பி. 50 என்றால் எதில் மாட்டினாலும் 50தான். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர், என்னுடையது 22.3-க்கு 14.9. லென்ஸ் உள்ளே அனுப்பும் படத்தின் ஓரங்கள் என் சென்சாருக்கு வெளியே விழுந்து வீணாகின்றன, அவ்வளவுதான். தோசையின் ஓரத்தைக் கிள்ளி எடுத்துவிட்டால் நடுத்தோசை உப்பிவிடுமா? ஃபுல் ஃப்ரேமில் 80 எம்எம் போட்டால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் என்னுடையதில் 50-க்குத் தெரியும். எனக்கு வேண்டியதே அதுதானே! மாமன் மடியில் அலறப்போகிற குழந்தையின் முகத்தை, ஆசாரியின் கைக்கு இடைஞ்சல் இல்லாமல் நாலு அடி தள்ளி நின்று எடுக்க வேண்டும். இதை நான் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே கண்ணாடி அலமாரியைத் திறந்து ஒரு ஃபுல் ஃப்ரேமை எடுத்து என் கையில் வைத்துவிட்டார். கேட்காமலே. பழக்கடையில் திராட்சையை வாயில் திணிப்பது மாதிரி.

அப்புறம் ரோஜா.

எல்லா கேமரா கடை மேஜையிலும் ஒரு பிளாஸ்டிக் ரோஜா இருக்கும். இதழில் ஒட்டியிருக்கும் பனித்துளிகூட பிளாஸ்டிக். அதை ஒரு படம் எடுத்தார். "பாருங்க சார், பொக்கே." பின்னணி மங்கிக் கரைவதற்குத்தான் அந்தப் பெயர். பார்த்தேன். லென்ஸ் மூடியைப் பக்கத்தில் வைத்து இன்னொன்று. ரோஜாவைத் திருப்பி வைத்து இன்னொன்று. டீ கொண்டு வந்த பெரியவர் பின்னால் வந்து நிற்க, அவரையும் சேர்த்து இன்னொன்று. படத்தில் பெரியவர் கரைந்தே போய்விட்டார். கையிலிருந்த டீ மட்டும் மங்கலான காவிப் பொட்டு. "பேக்ரவுண்டே தெரியல பாருங்க சார்!" பேக்ரவுண்ட் என்னைப் பாவமாகப் பார்த்துக்கொண்டு நின்றது. இருபது நிமிடம். சத்தியமாக இருபது நிமிடம் அந்த ரோஜாவை வைத்து ஓட்டினார்கள்.

இதற்குள், கழுத்தில் ஃபுல் ஃப்ரேம் தொங்க மேஜையில் சாய்ந்து நின்ற இன்னொரு வாடிக்கையாளர் பேச்சுக்குள் நுழைந்தார். "கிராப்ல பொக்கே வராது பிரதர்." இந்த பிரதரை யார் கூப்பிட்டது? லென்ஸை முழுக்கத் திறந்து எஃப் 1.8-இல் கிட்டத்தில் நின்று கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் என் கிராப்பிலேயே காது மங்கிவிடும். காதுகுத்துப் படத்தில் காது தெரியவில்லை என்றால் அக்கா என்னை வீட்டுக்குள் விடுவாளா? இதற்கு மேல் மங்க வைத்து நான் என்ன செய்யட்டும்?

கொஞ்சம் நியாயமும் பேசிவிடுகிறேன், கோபம் ஆறுவதற்குள். பரப்பில் ஃபுல் ஃப்ரேம் சென்சார் என்னுடையதைப் போல 2.6 மடங்கு. மங்கல் வெளிச்சத்தில் ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சத்துக்கு, மேலேயே லாபம். ராத்திரி முகூர்த்தம், கோயில் உள்பிராகாரம் என்று பிழைக்கிறவர்கள் வாங்கட்டும். நான் காலை பத்து மணிக் காதுகுத்துக்குப் போகிறவன். மற்ற நாளில் வேடந்தாங்கல். அங்கேதான் வேடிக்கை. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், பாக்குவெட்டியைப் பாதி மூடினாற்போல. தூரத்து மரத்தில் இருக்கும் நாரையின் அந்த இடைவெளி வழியே வானம் தெரிய எடுப்பதற்குத்தான் நான் அதிகாலையில் எழுந்து ஓடுகிறேன். 400 எம்எம்மில் நாரையை என் கிராப் 24 மெகாபிக்சலில் பிடிக்கிறது. அதே லென்ஸ், அதே இடம், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் என்றால் பறவை நடுவில் ஒரு புள்ளி. வெட்டி எடுத்து நான் எடுத்த அளவுக்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது 9 சொச்சம் மெகாபிக்சல். அதாவது லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, கையால் கிராப் செய்ய வேண்டும்!

அப்புறம், எது ஃபுல்? சினிமா ஃபிலிமை, லைக்கா கேமராவை உருவாக்கிய ஆஸ்கர் பர்னாக் படுக்கவைத்து இரண்டு ஃப்ரேமை ஒன்றாக்கியதுதான் 36-க்கு 24. 1925-இல் லைக்கா விற்பனைக்கு வந்தபோது பெரிய பிளேட்டில் படம் எடுத்தவர்கள் இதை 'மினியேச்சர்' என்றார்கள். இன்றைக்கும் 44-க்கு 33 சென்சாரோடு மீடியம் ஃபார்மட் கேமராக்கள் இருக்கின்றன. அதை வைத்திருப்பவர் இந்தக் கடைக்கு வந்து பிரதரின் கழுத்தைப் பார்த்து "ஓ... ஃபுல் ஃப்ரேமா?" என்று ஒரு 'ஓ' போட வேண்டும். அதைப் பார்க்க நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவேன்.

இதையெல்லாம் கடையில் சொன்னேனா? எங்கே. "யோசிச்சு சொல்றேன் தம்பி" என்றேன். ராத்திரி இஎம்ஐ எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தது தனிக்கதை, அதை விடுங்கள்.

கடைசியில் 50 எம்எம்மை வாங்கிவிட்டேன். பெட்டியைப் பிரித்தால், லென்ஸில் வெயில் படாமல் மறைக்கிற ஹூட் இல்லை.

"ஹூட் தனி சார்."

ஒரு பிளாஸ்டிக் வளையம். தனி. கடுப்பில் கேட்டேன், "ஃபுல் ஃப்ரேம் வாங்கியிருந்தா கூட வருமா?"

தம்பி ஒரு நிமிடம் யோசித்தார். "இதே லென்ஸ்தான் சார் அதுக்கும். அப்பவும் தனிதான்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிரதர்கூட சிரித்தார். சரி, நல்ல மனுஷர்கள்தான் என்று மனசு இளகுகிற நேரம் பார்த்து, "பை வேணுமா சார்? பத்து ரூபா" என்றார்.

பையில் முழுக்கக் கடையின் பெயர். இரண்டு பக்கமும். அவர்கள் விளம்பரத்தை நான் பேருந்தில் தூக்கிக்கொண்டு போக, நானே பத்து ரூபாய் தர வேண்டுமாம்!