முதல் கறுப்பினத் தூதர் 1949-க்கு முன்பே இருந்தார்

1949-இல் லைபீரியாவுக்கான அமெரிக்கத் தூதரான எட்வர்ட் டட்லிக்கு முன் எந்தக் கறுப்பினத்தவரும் அமெரிக்காவின் சார்பில் அயல்நாட்டில் பணியாற்றியதில்லை என்று ஒரு பதிவில் எழுதப்பட்டிருப்பது சரியன்று. ‘அம்பாசடர்’ (தூதர்களில் மிக உயர்ந்த நிலை) என்ற பதவிப்பெயரைப் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் டட்லி என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்கா அப்பெயரை வழங்கத் தொடங்கியதே 1893-இல்தான். அதற்கு முன் தூதரகங்களுக்குத் தலைமை தாங்கியவர்கள் ‘மினிஸ்டர்’ (அதற்குக் கீழ்நிலைத் தூதர்; இங்கு அமைச்சர் என்று பொருளன்று) என்றே அழைக்கப்பட்டனர்.

அந்தப் பொறுப்பில், 1869-இல் அமெரிக்க அதிபர் கிராண்ட் ஹைட்டிக்கு அனுப்பிய கறுப்பினத்தவர் எபனேசர் பாசெட். பிலடெல்பியாவில் கறுப்பின இளைஞர்களுக்கான கல்விக்கூடத்தின் தலைமையாசிரியராக இருந்த அவர், 1877 வரை அப்பணியில் நீடித்தார். 1875-இல், ஹைட்டி அரசின் பிடியிலிருந்து தப்பி வந்த தளபதி புவாரோன் கனாலுக்குத் தம் இல்லத்திலேயே அடைக்கலம் அளித்து, படைவீரர்கள் வீட்டைச் சூழ்ந்து நின்றபோதும், வாஷிங்டனிலிருந்தே அதிருப்தி எழுந்தபோதும், சுமார் ஐந்து மாதங்கள் அவரை ஒப்படைக்க மறுத்து, இறுதியில் பாதுகாப்பாக நாட்டைவிட்டு வெளியேறச் செய்தார். மறுஆண்டே கனால் ஹைட்டியின் அதிபரானார். இத்தகைய துணிவைக் காட்டியவரை ஒரு பதவிப்பெயரின் பொருட்டு மறந்துவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

1889-இல், அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ் ஹைட்டிக்குத் தூதராகச் சென்றபோது, அவருக்குச் செயலராக உடன் சென்றவரும் இதே பாசெட்தான். ஆகவே, அந்தப் பதிவிலுள்ள வரியை ‘அம்பாசடர் என்ற பதவிப்பெயரைப் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் டட்லி’ எனத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.