சொல்வதை எழுதுதலுக்குத் தனிப் பட்டியல் எதற்கு?

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஐந்தாம் வகுப்பு. அவளுடைய 'சொல்வதை எழுதுதல்' நோட்டைப் புரட்டினேன். மயில், மலர், கிளி, வளையல், அணில், பள்ளம். முதல் வகுப்பிலிருந்து எழுதிவருகிற அதே சொற்கள், எல்லாம் சரி. சமூக அறிவியல் நோட்டில் கதை வேறு: 'நாடாலுமன்றம்', 'வேலாண்மை', 'கள்வெட்டு'. விடை சரியாக இருந்ததால் எழுத்தை யாரும் தொடவில்லை.

நான்காம் வகுப்புக்கு மேல் சொல்வதை எழுதுதலுக்கென்று தனிச் சொற்பட்டியலே வேண்டாம் என்பேன். அந்த வாரத்துச் சமூக அறிவியல் பாடத்திலிருந்தும், பிள்ளை வாழ்கிற ஊரிலிருந்தும் எடுங்கள்.

மதுரையில் இதற்குப் பஞ்சமா? கோயிலுக்குள் ஆடி வீதி. அதற்கு வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. இவற்றை எழுதச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது? மாசியில் நடந்துவந்த விழாவைத் திருமலை நாயக்கர் (1623 முதல் 1659 வரை ஆண்டவர்) சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குகிற விழாவோடு சேர்த்தார் என்று ஊரில் சொல்வார்கள். ஏன் சேர்த்தார் என்று வகுப்பில் பேச்சை எடுத்தால் அறுவடை, சந்தை, சைவம், வைணவம் எல்லாம் தானாக வரும். வருகிற சொல்லெல்லாம் கரும்பலகைக்குப் போகட்டும். கள்ளழகர், தல்லாகுளம், வண்டியூர் என்று அழகர் வருகிற வழியை எழுதினாலே லகரம், ளகரம், ழகரம் மூன்றுக்கும் பயிற்சி முடிந்தது.

கீழடிக்கு வருகிறேன். 2023இல் அருங்காட்சியகம் திறந்ததிலிருந்து பள்ளிகள் பஸ் வைத்துப் பிள்ளைகளை அழைத்துப்போகின்றன. நல்ல காரியம். ஆனால் வரிசையில் நுழைந்து, படம் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையைத் தேடுவதோடு பல வகுப்புகள் திரும்பிவிடுகின்றன. 'ஆதன்' என்று பெயர் பொறித்த பானை ஓடு அங்கே கிடைத்தது. அதில் உள்ள தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குத் தனித்தனி வடிவம் இருக்கிறது. நம் பிள்ளைகள் இன்று தடுமாறுவதும் பெரும்பாலும் இந்த நான்கில்தான். (தமிழி முந்தியதா, அசோகர் பிராமி முந்தியதா என்ற வழக்கை ஆய்வாளர்களிடம் விட்டுவிடுவோம். ஐந்தாம் வகுப்பில் அதற்குத் தீர்ப்பு வேண்டாம்.) பானையில் பெயர் கீறியவருக்கே றகரமும் ரகரமும் வேறு வேறு என்று தெரிந்திருந்தது என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மாங்குளம் மலை இன்னும் சுவை. அங்கே சமணத் துறவிக்குக் கற்படுக்கை அமைத்துக்கொடுத்த செய்தியைச் சொல்கிற கல்வெட்டில் பாண்டியன் பெயர் 'நெடுஞ்சழியன்' என்றே இருக்கிறது. இன்றைய ஆசிரியர் கையில் கிடைத்தால் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். கி.மு. இரண்டாம் நூற்றாண்டையொட்டிய கல்வெட்டு என்பதால் தப்பித்தது. எழுத்தும் காலத்தோடு மாறி வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்றை எங்கே தேடுவது? கல்லும் படுக்கையும் சேர்ந்தால் ஏன் கற்படுக்கை ஆகிறது என்ற புணர்ச்சிப் பாடமும் அதே இடத்தில் முடிந்துவிடும்.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்பார்கள். தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே ஆசிரியர்தானே எல்லாப் பாடத்தையும் எடுக்கிறார்? ஆறாம் வகுப்புக்கு மேல் தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் வாரத்தில் சிறிது நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் போதும்.

எனக்கு இருக்கிற பயம் வேறு. இதைக் கேட்ட உடனே யாராவது 'திருப்பரங்குன்றம்' என்பதை இருபது முறை எழுதிவரச் சொல்லிவிடுவார்கள். இம்போசிஷன் எழுதிய பிள்ளைக்கு அந்தக் குன்றத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். முதலில் பொருளைப் பேசுங்கள், பிறகு சொல்லை எழுதவையுங்கள். பொருள் தெரியாத சொல்லை எழுதவைப்பது வீண் வேலை.

சமூக அறிவியல் தேர்வில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பதும் கூடாது. மேற்கே ஓடுகிற பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, 1895இல் தண்ணீரை வைகைப் பக்கம் திருப்பினார்கள் என்று தெளிவாக விளக்குகிற பிள்ளை, 'அணை' என்பதை 'அனை' என்று எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண் கொடுங்கள். பக்கத்தில் சரியான எழுத்தை எழுதிக் காட்டுங்கள். அடுத்த வாரப் பட்டியலில் அந்தச் சொல் முதலில் வரட்டும்.

ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அவர்களுடைய சமூக அறிவியல் புத்தகத்தில் கீழடியும் வைகையும் ஆங்கில எழுத்தில்தான் வருகின்றன. சோழவந்தானில் வருவது ழகரமா ளகரமா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள்? அந்தப் பள்ளிகளின் தமிழாசிரியர்கள் தமிழ் வழிச் சமூக அறிவியல் புத்தகம் ஒன்றை வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளலாம். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.